பதினெட்டு நிமிசத்துக்கு ஒரு ஆளு

ஏலே பேராண்டி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன். எத்தனை மனு வந்திருக்குன்னு சொன்ன? நூத்திப் பன்னெண்டா! நம்ம ஊர்ல தண்ணிக்குத்தான் பஞ்சம், பேச்சுக்கு இல்லன்னு தெரியும். ஆனா ஒரு மைக்குக்கு இத்தனை பேரு தவங்கெடக்காவன்னு இன்னைக்குத்தான் பாக்கேன்.

நீ சொன்னது எனக்கு விளங்கிச்சான்னு சரிபாரு. டெட்டுன்னு 1984ல கலிபோர்னியாவுல ஒரு கூட்டம் கூட்டுனாவ. 2006ல அந்தப் பேச்சையெல்லாம் இணையத்துல சும்மாவே கேக்கவிட்டதும் உலகம் பூரா பரவிட்டு. 2009ல இருந்து, உங்க ஊர்ல நீங்களே நடத்திக்கிடுங்கன்னு உரிமம் குடுக்காவ. நீ வாங்கியிருக்கதும் அதுதான், அதுக்குத்தான் டெட்டு வாலுல ஒரு எக்ஸு. உரிமத்துக்குத் துட்டு இல்ல. பேசுதவனுக்கும் குடுக்கக் கூடாது, அவங்கிட்ட வாங்கவும் கூடாது. மேடையில யாவாரம், கட்சி, மதப் பிரச்சாரம் மூணும் ஆகாது. நீ அவுக மாநாட்டுக்கு ஒரு தடவைகூடப் போகாததால நூறு பேருக்கு மேல கூட்டம் சேக்கக் கூடாது. அப்போ மனுப் போட்டவன் மட்டும் கேக்க வந்தாலே மண்டபம் ரொம்பி, பன்னெண்டு பேரு வெளிய செருப்புக்குக் காவல் நிக்கணுமேடா!

ஆளுக்கு 18 நிமிசம்தான்னு வேற சொல்லுத. பாரதப் போரையே 18 நாளுல முடிச்ச சனம்தான் நாம. ஆனா நம்மூரு மேடையில 18 நிமிசம்ங்கது, "வீற்றிருக்கும்"னு ஆரம்பிச்சவன் மூணாவது நாக்காலிக்கு வாரதுக்கே காணாது.

சரி, வாசி. முத ஆளு, "மண்ணை நேசி" வா? தலைப்பு நல்லாத்தான் இருக்கு. கீழ படத்துல பின்னாடி கல்லு நட்டிருக்கு பாரு, பிளாட்டு போட்ட இடம். தள்ளு. அடுத்தவன் தன்னம்பிக்கைப் பேச்சாளனா? கெணத்துல விழுந்த கழுதை மண்ணை உதறி உதறி மேல வந்த கதையைச் சொல்லுவான். எனக்குத் தெரிஞ்சு அந்தக் கழுதையை நாலு கல்லூரியில, ரெண்டு கல்யாண வீட்டுல தூக்கிவிட்டுட்டானுவ. பாவம், அது செத்த நேரம் கெணத்துலயே கெடக்கட்டும். இந்த ஆளு சக்கரை வியாதிக்கு ஒரே வாரத்துல கசாயமாம். ரொம்ப சூதானமா இரு. 2012 டிசம்பர்ல, போலி அறிவியலை மேடையேத்தாதீங்கன்னு டெட்டுக்காரவுகளே ஊரூரா நடத்துதவுகளுக்குக் கடுதாசி எழுதுன கதையை நீதான சொன்ன? அப்புறம் மண்டபத்தை வாடகையில்லாம தாரேன்னவரு மகனும் இருக்கானா! மண்டபத்தை வாங்கிக்கோ, வாசல்ல பேரு போடு. யாரு பேசணும்ங்கதுல மட்டும் அவரு மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு உன் விதியே சொல்லுது. அதைச் சொல்லப் போறப்ப என்னையக் கூப்பிடாத. அவரு கடையில எனக்குப் பாக்கி இருக்கு.

ஆளெடுக்கதுக்கு விதி போடுதது என்னமோ சீமைச் சரக்குன்னு நினைக்காத. உத்திரமேரூரு கோயில் சுவத்துல, பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும் வெட்டி வச்சிருக்கான். ஊரை முப்பது குடும்பாப் பிரிச்சு, பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒண்ணுந்தெரியாத சின்னப்பயலை விட்டு எடுக்கச் சொல்லணும். எடுத்த ஓலையை வாங்குதவன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன்? முஷ்டிக்குள்ள இன்னொரு ஓலை இருந்துரும்லா! ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுவளை நம்ம ஆளுவ எப்படிப் படிச்சு வச்சிருக்காவ பாத்தியா.

அதுக்காகக் குடத்தைத் தூக்கிட்டு ஓடாத. அது வாரியத்துக்கு ஆளெடுத்த முறை. பேச்சுக்குக் குடவோலை போட்டா, கரெக்டா அந்தக் கழுதைக்காரன் பேருதான் வரும். இன்னொண்ணு, அது பிராமணவுக ஊருச் சபை. வேதம் படிச்சிருக்கணும், வரி கட்டுத நெலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். உங்க ஆச்சி பேரும் என் பேரும் குடத்துப் பக்கமே போயிருக்காது. பெருமை பேசும்போது அதையும் சேத்துப் பேசு.

நம்ம பக்கத்து முறை ஒண்ணு இருக்கு, அதை எவனும் கல்லுல வெட்டல. குளத்துக்கு நீர்ப்பாய்ச்சி வைக்கும்போது அந்த ஆயக்கட்டுல நெலம் இல்லாத ஆளாத் தேடித்தான் வைப்பாவ. அவனுக்கு அங்கன வயலு இருந்தா மடை அந்தப் பக்கமே சாயும்லா? உத்திரமேரூருல நெலம் இருந்தாத்தான் பேரு குடத்துக்குள்ள போகும். இங்க நெலம் இல்லாட்டித்தான் மம்பட்டி கைக்கு வரும். மேடைக்கு ஆளெடுக்கணும்னா நான் மம்பட்டிக் கட்சி.

நம்ம குளத்து நீர்ப்பாய்ச்சியையே எடுத்துக்கோ. வாய்க்காலுக்குள்ள காலை வைப்பாரு. தண்ணி கணுக்கால்ல எங்க தட்டுதுன்னு குனிஞ்சு பாக்கவே மாட்டாரு. உச்சிக்குள்ள எத்தனை வயலு நனையும்னு சொல்லிருவாரு. குளம் கால்வாசிக்குக் கீழ போன வருசம், மடைக்குப் பக்கத்து வயல்காரன் சத்தம் போட்டுக்கிட்டு நிக்கான். இவரு பதிலே பேசாம ரெண்டு வெட்டு மண்ணை அள்ளி வச்சு அவன் வாய்மடையை அடைச்சுட்டு, கடைமடைக்குத் தண்ணியை விட்டுட்டுப் போயிட்டாரு. இல்லாததை எப்படிப் பங்கு வைக்கதுன்னு ஊரே தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கையில, பங்கு வச்சுக் காட்டுன மனுசன் அவரு. மனுப் போட்டிருக்காரா? அவருக்கு உன் பாரத்தைத் தொறக்கவே தெரியாது. நீ போய்க் கேட்டாலும், "எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி"ம்பாரு, பேரன் வயசுள்ள உன்னையே. அதனால மேடையைப் பத்திப் பேசாத. மூணு நாளு விடியக்காலம் மடைக்கட்டுல போய்ச் சும்மா உக்காரு. நாலாம் நாளு அவராப் பேசுவாரு. அதுல 18 நிமிசத்தை நீ பெறக்கிக்கோ. அவருக்கு மேடைத் தமிழ் சொல்லிக் குடுக்கேன்னு எவனாவது வந்தா, அந்த வாய்மடையையும் அடை.

கடைசியா ஒண்ணு. கணக்கு ஒப்படைக்காதவன் பேரைக் குடத்துல போடாத, அவன் சொந்தபந்தத்தையும் போடாதன்னு அந்தக் கல்வெட்டுல இருக்கு. போன கோயில் கொடைக்கு வரவு செலவு நோட்டு உன் கையிலதான இருந்துச்சு? இன்னும் ஊருக்கு வாசிச்சுக் காட்டல. அப்போ உன் தகப்பன், தாய்மாமன், மச்சான் எல்லாவனும் தள்ளுபடி. வரிசையாப் பாத்தேன், அதுல தாத்தாவைக் காணோம். வயசுதான் இடிக்கி, கல்வெட்டுக்காரவுக 70க்கு மேல ஆகாதுங்காவ, எனக்கு 76. உன் பாரத்துலதான் வயசுக்குக் கட்டமே இல்லையே.

அந்த நாப்பத்தேழாவது மனுவைத் தொற. வீடியோ உங்க ஆச்சி எடுத்தது. கை ஆடாம எடுத்திருக்கா, பாரு.