எண்பது சதவீத விரதம்

மின்சாரக் கார் வாங்கியவனிடம் யாரும் மைலேஜ் கேட்பதில்லை. “பேட்டரி எத்தனை வருஷம் வரும்?” என்றுதான் கேட்கிறார்கள். “8 வருஷம், இல்லேன்னா 1,60,000 கிலோமீட்டர்” என்று நானும் ஒப்பிப்பேன். அது வாரண்டிக் கணக்கு. ஆயுசுக் கணக்கு என்று நம்பி, வாங்கிய அன்றே துக்கம் அனுசரிக்க ஆரம்பித்தவன் நான்.

பேட்டரி அப்படிப் பொசுக்கென்று சாவதில்லையாம். பிடிக்கும் சார்ஜ் வருஷத்துக்குக் கொஞ்சமாகக் குறையும். வாரண்டிக் காலத்துக்குள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் கவனிக்கும். என்னை ஏன் இன்னும் ஆபீசில் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

கிலி பிடித்தபின் படிக்கக் கூடாது; படித்தேன். நிஸான் லீஃப் கார்கள் சில அரிசோனா வெயிலில் சீக்கிரமே வலுவிழந்து, 2012-இல் பெரிய புகாராக வெடித்ததாம். அந்தக் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. என் காரில் உண்டு. அந்த வரி மட்டும் என் கண்ணில் படவில்லை.

முழு சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரிக்கு ஆகாது என்பது உண்மைதான். அதற்காகச் சென்னையின் மே மாதத்தில் நான் பூண்ட விரதம் கொஞ்சம் ஓவர். 80-ஐத் தாண்டிவிடுமோ என்று நடுராத்திரி எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்குவேன். ஏசி போடமாட்டேன். கிண்டி சிக்னலில் மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டே, “மாப்ளே, பஸ்லயே வந்திருக்கலாம்” என்றார். ஏசியை அணைத்தால் அன்றைக்கு நாலு கிலோமீட்டர் கூட ஓடும், அவ்வளவுதான். பேட்டரிக்கு ஆயுசு கூடியதாகத் தெரியவில்லை.

அப்புறம் பார்த்தால், என் காரில் இருப்பது எல்எஃப்பி வகை. அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் மீட்டர் ஒழுங்காகக் கணக்குக் காட்டும். 80 விரதமெல்லாம் முக்கியமாக நிக்கல் வகைக்காரர்களுக்கு. மேனுவலிலேயே போட்டிருந்தது. மேனுவல் பாலிதீன் உறை பிரியாமல் புத்தம்புதுசாக இருந்தது.

ஒருநாள் காலையில் கார் அசையவில்லை. திரையில் வெளிச்சமே இல்லை. போயே போச்சு! மனசுக்குள் லட்சங்களை எண்ணிக்கொண்டே சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர் பானெட்டைத் திறந்தார். “பெரிய பேட்டரி ஜம்முனு இருக்கு சார். 12 வோல்ட்தான் போயிடுச்சு.” பெட்ரோல் காரில் இருக்குமே, அதே சின்னப் பெட்டி. அது உசுப்பினால்தான் பெரியது வேலைக்கே வருமாம்.

“இதுல இன்னொரு பேட்டரி வேற இருக்கா?” என்று கேட்டேன்.

மீதி விவரங்களை அவர் என் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார்.