நாற்போல்ட் விசாரம்

பாயிரவியல்

முறியக்கூடிய இரும்புப் பொருள்கள் யாவும், தம்மை ஒட்டித் தரவல்ல பட்டறைக்கு அண்மையில் நிற்கும்போது முறிவதில்லை என்பதும், மின்கம்பமும் தார்வீதியும் எட்டாத வட்டையின் நடுவே, வேளாண்மை பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடக்க, மேற்கே மலைப்பக்கத்தில் மழைமுகில் திரளுகின்ற பிற்பகல் வேளை பார்த்தே முறிகின்றன என்பதும், சம்மாந்துறை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள வட்டவிதானைமார் ஏகமனதாக ஒப்புக்கொள்ளும் உண்மைகளாம். நெல் வெட்டும் இயந்திரத்தைத் தோளிற் சுமந்து பட்டறைக்குக் கொண்டுவர இயலாதென்ற எளிய காரணத்தினாற் பிறந்ததே நடமாடும் வெல்டிங் வண்டி.

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்து போய் எவரும் கண்ணாற் கண்டிராத யாழைக் கணிதத்தினாலும் இலக்கியப் பிரமாணத்தினாலும் மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலை உலகுக்கு அளித்தார். இல்லாத பொருளுக்கு அவ்வளவு விரிந்த இலக்கணம் எழுதப்பட்ட ஊரிலே, அம்பாறை வீதி பிரியும் சந்தியில் அனுதினமும் கண்ணெதிரே நிற்கின்ற ஒரு வண்டிக்கு இன்றுவரை இலக்கணம் இன்மை பெருங்குறையேயாம். அன்னாருடைய நூல் பாயிரவியலிலே தொடங்கி ஒழிபியலிலே முடியும் ஏழு இயல்களை உடையது. நமது ஆராய்ச்சிக்கு ஐந்து இயல்களே அமைந்தன. எஞ்சிய இரண்டையும் வண்டியின் தாங்குதிறன் கருதி இறக்கி வைத்தோம்.

இத்தொழிலின் தொன்மை குறித்து ஒரு வார்த்தை. சமனலவெவப் பிரதேசத்து மலைச்சரிவுகளிலே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் இருந்தன என்பதைக் கில் ஜூலெஃப் என்னும் ஆராய்ச்சியாளர் 1996இல் நேச்சர் சஞ்சிகையில் நிறுவினார். காற்று வீசும் இடத்தை நாடி உலை சென்றதாதலால், இலங்கையின் இரும்புத் தொழில் ஆதியிலிருந்தே நடமாடும் சுபாவம் உடையதென்று கொள்ளலாம். இதற்கு இந்த ஆதாரம் போதாதென்பார் உளராயின், இதனினும் மெலிந்த ஆதாரங்களின்மேல் இதனினும் பெரிய முடிவுகள் கட்டப்பட்டு, பட்டங்களும் வழங்கப்பட்டிருப்பதை அவர்கள் நினைவுகூர்வார்களாக.

உறுப்பியல்

வண்டி, ஜெனரேற்றர், வெல்டிங் பிளான்ட், வயர், குச்சி, கிரைண்டர், வைஸ், முகமூடி, கையாள் என உறுப்பு ஒன்பதாம்.

வண்டியாவது, இந்தியாவின் டாடா நிறுவனத்தார் 2005இல் ஏஸ் என்ற பெயரால் வெளியிட்டதும், இலங்கையிலே டிமோ பட்டா என வழங்குவதுமாகிய சிறு கெப். முதலில் வந்த வண்டியின் இயந்திரம் இரண்டு சிலிண்டரும் 702 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடையது. ஏற்றத்தகும் பாரம் 750 கிலோகிராம். இதனிற் பெரிய லொறி சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் உள்ள ஒழுங்கைகளுள் நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. இதனிற் சிறிய முச்சக்கர வண்டியோ வட்டைப் பாதையிற் சரியும். ஆகவே பட்டாவே மத்திமமும் உத்தமமும் ஆம்.

ஜெனரேற்றரின் அளவை வாங்குபவரின் பணப்பையன்று, குச்சியே நிர்ணயிக்க வேண்டும். பத்தாம் நம்பர் எனப்படும் 3.2 மில்லிமீற்றர்க் குச்சிக்கு ஏறத்தாழ 110 அம்பியர் மின்னோட்டமும், சுடர் நிற்கையில் 25 வோல்ற் அளவான அழுத்தமும் வேண்டும். இவற்றைப் பெருக்க 2750 வாற் ஆகும். பிளான்டின் உள்ளே வெப்பமாகக் கழிவதையும், மலிவான இன்வேட்டர் பிளான்ட் மின்னைச் சீராக இழுக்காமல் வெட்டி வெட்டி இழுப்பதனால் நேரும் மேலதிகச் சுமையையும் சேர்த்தால், ஐந்து கேவிஏக்குக் குறைந்த ஜெனரேற்றர் இவ்வேலைக்கு ஆகாதென்பது பெறப்படும். மூன்று கேவிஏயை மலிவாக வாங்கியவர், குச்சி இரும்பிலே ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஜெனரேற்றர் முக்கி முனகி அணைவதைக் கண்டு குச்சிக் கம்பெனியைத் திட்டுவார்.

பெற்றோல் ஜெனரேற்றரா, டீசல் ஜெனரேற்றரா என்பது அடுத்த வினா. பெற்றோல் இலேசானது, சத்தம் குறைந்தது; டீசல் கனமானது, ஆயினும் வண்டி குடிப்பதையே தானும் குடிக்கும். இந்த ஒற்றுமையின் மகிமை 2022இலேதான் விளங்கியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதன்பின் வந்த கியூஆர் முறையோ வாகன இலக்கத்துக்கு வாரந்தோறும் இவ்வளவு எரிபொருள் என்று விதித்தது. டீசல் ஜெனரேற்றர் உடையவர் வண்டியின் பங்கிலிருந்து இயந்திரத்துக்கு ஒரு போத்தல் கடன் கொடுத்தார். பெற்றோல் ஜெனரேற்றர் உடையவரோ, ஊரெல்லாம் இருண்டு கிடக்க, ஒளி தரவல்ல ஒரே இயந்திரத்தின்மேல் சாய்ந்து அமர்ந்திருந்தார்.

குச்சியின் பூச்சு தனியே போற்றத்தக்கது. 1880களில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்தொஸ் என்பவர் கரிக்கோலினால் மின்சுடர் எழுப்பி இரும்பை ஒட்டினார். 1888இல் ஸ்லவ்யானொவ் என்பவர் கரிக்குப் பதிலாக உலோகக் கோலையே உருகவிட்டார். சுவீடனில் 1904இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய ஒஸ்கார் செல்பெரி அக்கோலுக்குப் பூச்சிட்டார். அப்பூச்சு எரிந்து எழும் வாயுவும் அது உருகிப் படியும் கசடும், உருகிய இரும்பைக் காற்றுத் தீண்டாமற் காக்கின்றன. சிலிண்டரிலிருந்து காவல் வாயுவைப் பாய்ச்சி ஒட்டுகின்ற நவீன முறை அறைக்குள் அழகாக நடக்கும். நமது பிரதேசத்துக் கச்சான் காற்று அவ்வாயுவை ஒட்டுக்கு எட்டுமுன்னரே கடலுக்கு அனுப்பிவிடும். ஆதலால் காரைதீவுக் கரைக்கு உகந்தது குச்சியே என்பது ஐயமற நிறுவப்பட்டது.

கையாளின் கடமைகள் மூன்று: பிடித்தல், எடுத்துக் கொடுத்தல், சுற்றி நிற்போரைப் பார்க்க வேண்டாம் என்று எச்சரித்தல். மூன்றாவதை அவன் செய்யும்வரை பாராதிருந்தவர்களும் செய்த மாத்திரத்தே பார்ப்பர். அன்றிரவு கண்ணுக்குள் மணல் அள்ளிக் கொட்டினாற்போல உறுத்த, உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு படுப்பர்.

நிறையியல்

ஐந்து கேவிஏ பெற்றோல் ஜெனரேற்றர் ஏறத்தாழ 90 கிலோகிராம். இன்வேட்டர் பிளான்ட் பத்துக்குள். வைஸும் அது பூட்டிய மேசையும் 40. வயர், ஆயுதப்பெட்டி, கோண இரும்பு முதலியன 100. வெட்டு வேலைக்கு ஒட்சிசன், அசற்றிலீன் சிலிண்டர்களும் ஏற்றினால் இன்னும் 130 அளவில் ஆகும். யாவும் நானூறுக்குள் அடங்கும்.

இவற்றுள் கனமானவை முன்புறம், சாரதியின் முதுகுப்பக்கம் நிற்க வேண்டும். பின் அச்சுக்கு அப்பால் கனத்தை வைத்தால் வரம்பில் ஏறும்போது முன்சக்கரம் மண்ணை விட்டு எழ, வண்டி தன் இச்சைப்படி வாய்க்காலை நாடும். அசற்றிலீன் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் படுக்க வைக்கலாகாது. அவ்வாயு உள்ளே அசற்றோன் என்னும் திரவத்திற் கரைந்திருப்பதாதலால், படுத்த சிலிண்டரைத் திறந்தால் வாயுவோடு திரவமும் புறப்படும். குச்சிகளை இரு முனையும் மூடிய பீவிசி குழாய்க்குள் வைத்தல் நலம். வாடைக்காற்றின் ஈரம் குடித்த குச்சி சடசடத்து, ஒட்டினுள்ளே புழுத்துளை போலத் துவாரங்களை விட்டுச் செல்லும்.

வட்டையில் இறங்கியபின் கடைப்பிடிக்க வேண்டிய ஆசாரங்களும் சில உள. உழவு இயந்திரத்தை ஒட்டுமுன் அதன் பற்றரி வயரைக் கழற்ற வேண்டும். எர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்கு அண்மையிற் பூட்ட வேண்டும். எட்டத்தே பூட்டினால் மின்னோட்டம் பெயாரிங்குகளின் ஊடே வழிதேடிச் சென்று, ஒரு முறிவைத் தீர்த்த கையோடு இன்னொரு முறிவுக்கு வித்திடும். காய்ந்த வைக்கோலின்மேற் பொறி விழுமாதலால் ஒரு வாளி தண்ணீர் அருகே இருக்க வேண்டும். அத்தண்ணீரைக் கையாள் குடித்துவிடாதிருக்கவும் வேண்டும்.

இனி, 750இலிருந்து நானூறைக் கழிக்க 350 எஞ்சுகின்றது. இந்த 350 கிலோகிராம் வெற்றிடமே பின்வரும் வாதம் அனைத்துக்கும் மூலகாரணம்.

வாதவியல்

ஜெனரேற்றரை வண்டித் தட்டிலே நான்கு போல்ட் போட்டு இறுக்கி நிரந்தரமாக நிறுத்துவதா, வேண்டும்போது இறக்கத்தக்கதாகக் கயிற்றாற் கட்டுவதா என்ற பிரச்சினையில், தொழிலாளர் ஸ்திரவாதிகள் எனவும் சரவாதிகள் எனவும் இரு பிரிவினராவர்.

சரவாதிகளின் பக்ஷம் வருமாறு: பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சிலும், சிறுபோக அறுவடை ஓகஸ்டை ஒட்டியும் வருகின்றன, இடைப்பட்ட மாதங்களிலே வேலை கேற்றுகளையும் கூரைச் சட்டங்களையும் நம்பியே நடக்கும். அக்காலத்தில் ஜெனரேற்றரை இறக்கி வைத்தால் வண்டி மீன்பெட்டி ஏற்றும், நெல் ஏற்றும், நாலு காசு தேடும். மேலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025வரை அத்தடை நீடித்தமையால், கெப் என்பது கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்படிப்பட்டதை ஒரே தொழிலுக்குக் கட்டிவைத்தல் விவேகமன்று. இன்னும், இரவிலே இயந்திரத்தை வீட்டுக்குள் வைத்தால் கடற்காற்றுக்கும் கள்வருக்கும் தப்பும்.

ஸ்திரவாதிகள் இதற்கு விடையாக, கயிற்றாற் கட்டிய 90 கிலோகிராம் இயந்திரம் ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்தவுடன் சிலிண்டரின்மேல் விழும் என்றும், ஒவ்வொரு முறையும் வயர் பூட்டிக் கழற்றுவதில் அரைநாள் போகும் என்றும் சொல்வர். இவை மறுக்க முடியாத காரணங்களே. ஆயினும் நுணுகி ஆராயுமிடத்து, எந்த ஸ்திரவாதியும் இக்காரணங்களுக்காகப் போல்ட் போட்டவனல்லன் என்பது புலப்படும்.

மெய்க்காரணம் 350 கிலோகிராமில் இருக்கின்றது. வெறுந்தட்டு உள்ள கெப் ஒன்று தன் வீட்டு வாசலில் நிற்கக் கண்ட சுற்றத்தார், அதைத் தொழிற்கருவியாகக் கருதுவதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் திருக்குளிர்த்திக்கு வாழைக்குலை ஏற்ற வேண்டும் என்பார் மாமா. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குக் கந்தூரிச் சட்டிகள் போக வேண்டும் என்பார், ஒரே வரம்பைப் பகிர்ந்த வயற்காரக் காக்கா. மைத்துனியின் கலியாணத்துக்குக் கதிரை இருநூறு. இவற்றுள் எதற்கும் இயலாதென்று சொல்லும் வசதி இக்கரையோரத்துத் தமிழருக்கும் இல்லை, முஸ்லிம்களுக்கும் இல்லை. நேரே மறுத்த வார்த்தை இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.

இங்கேதான் போல்ட் உதவுகின்றது. “குடுக்க விருப்பம்தான் மச்சான், இத இறக்க ஏலா, போல்ட் போட்டிருக்கு” என்னும்போது மறுப்பவன் மனிதனல்லன், இரும்பு. கேட்டவருக்கு அவமானமில்லை, மறுத்தவருக்குப் பாவமில்லை, உறவு முறியவில்லை. ஆகவே நான்கு போல்ட்டுகளும் ஜெனரேற்றரைத் தட்டிலே தாங்குவது ஓர் உபபயனேயன்றி, அவற்றின் பிரதான பயன் உரிமையாளனுடைய மறுப்பைத் தாங்குதலாம் என்பது நமது சித்தாந்தம்.

சமரசவாதிகள் என்றொரு சிறு கூட்டத்தாரும் உளர். இவர்கள் போல்ட்டும் போடுவர். சொந்தச் சகோதரியின் கலியாணத்துக்கு இரவோடிரவாகக் கழற்றவும் செய்வர். இது மகா அபாயகரமான கொள்கை. ஒருமுறை கழன்ற போல்ட் எப்போதும் கழலும் என்பதை அந்தக் கலியாணத்துக்கு வந்த அனைவரும் அறிந்துகொள்வர்.

அப்படியாயின் வெல்டிங் பாஸ் தன் ஜெனரேற்றரைத் தட்டோடு ஒட்டியே விடலாகாதா எனின், ஆகாது. ஓயாத அதிர்வினால் ஒட்டு வெடிக்கும். அடியில் றப்பர் வைத்துப் போல்ட்டால் இறுக்குவதே முறை. ஆனால் இயற்கை இங்கே ஸ்திரவாதிகளின் பக்கம் சேர்கின்றது. உப்புக்காற்றிலே ஒரு மாரி கழிவதற்குள் நட்டும் போல்ட்டும் கறள் பிடித்து ஒன்றாகிவிடும்; பின்னர் கிரைண்டரால் வெட்டினாலன்றிப் பிரியா. கேற்றையும் கூரையையும் தின்று பாஸுக்கு வேலை கொடுக்கும் அதே கறள், அவர் சொன்ன பொய்யையும் மெய்யாக்கிக் கொடுக்கின்றது.

ஒழிபியல்

மேலே சொல்லாது விட்டவற்றுள் முதன்மையானது சில்லறை வேலை. வண்டி ஓர் ஒழுங்கையில் நின்று ஜெனரேற்றர் முழங்கத் தொடங்கிய சற்று நேரத்தில், அயல் வீடுகளிலிருந்து கால் உடைந்த பொருள்கள் ஊர்வலமாக வரும். “இந்தக் கதிரக் காலயும் ஒருக்கா ஒட்டித் தாங்களன் காக்கா, சும்மா நிக்கிற கரண்ட்தானே” என்பது அவற்றோடு வரும் வாசகம். சும்மா நிற்கும் கரண்ட் என்று ஒன்று பௌதிக சாஸ்திரத்தில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேற்றர் எரிபொருளைக் குடித்துக்கொண்டே நிற்கும் என்பதை எடுத்துரைக்க அது தருணமும் அன்று.

இவ்வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் மூவகைப்படும். பிளேன்டீ, உடனே கிடைப்பது. துஆவும் ஆசீர்வாதமும், பின்னர் பலிப்பன. “நாளைக்குத் தாறன்” என்பது, காலத்தாற் கட்டுப்படாதது. கதிரையின் மெல்லிய குழாய்க்குப் பத்தாம் நம்பர் குச்சி பிடித்தால் ஒட்டுவதற்குப் பதில் ஓட்டை விழும். அதனினும் மெலிந்த பன்னிரண்டாம் நம்பரை எடுத்து, அம்பியரை எழுபது அளவுக்குக் குறைத்து, விட்டு விட்டுத் தொட வேண்டும். பெரிய வேலையினும் சிறிய வேலைக்கே பொறுமையும் கைத்திறனும் அதிகம் வேண்டுமாதலால், ஊதியம் பெறாத வேலையிலேதான் பாஸின் வித்தை பூரணமாக வெளிப்படுகின்றது.

கலியாணக் கதிரைகளை ஏற்றாதிருக்க நான்கு போல்ட் உண்டு. ஒற்றைக் கதிரைக் காலை இலவசமாக ஒட்டாதிருக்க எந்தப் போல்ட்டை எந்த இடத்தில் இறுக்குவது என்பது வருங்கால ஆராய்ச்சியாளருக்கு விடப்படுகின்றது.