மூன்றா, நான்கா?

கேள்வி: தறிப்பட்டறைக் கணக்கு, துணி டிசைன், கேமரா பதிவு எல்லாவற்றையும், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு பெட்டியில் வைக்கப் போகிறேன். 8 டிபி ஹார்ட் டிஸ்க் மூன்று போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?
– வாசகர், பள்ளிபாளையம்

பதில்: மூன்றில் ரெய்டு 5 ஓடும். ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக, கையில் நிற்பது 16 டிபி. ஒன்று செத்தாலும் தாங்கும். வில்லங்கம் அதற்கப்புறம்தான். புது டிஸ்க்கைச் செருகினால், மிச்சமிருக்கும் இரண்டையும் முழுக்கப் படித்துத்தான் அதை நிரப்பும். 8 டிபிக்கு அரை நாளுக்கு மேலேயும் இழுக்கும். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் பங்காளிகள் மாதிரி: ஒருவர் படுத்தால் அடுத்தவருக்கும் காய்ச்சல் வரும். அந்த நேரத்தில் இன்னொன்று போனால் கணக்கே குளோஸ்!

நான்கு வாங்கி ரெய்டு 6 போடுங்கள். அதே 16 டிபிதான். ஆனால் இரண்டு போனாலும் தூங்கலாம். அதற்காகப் பன்னிரண்டுக்குப் பறக்காதீர்கள். டிஸ்க் கூடக் கூட, ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் ஏறும் என்று 1988-லேயே பெர்க்லி ஆய்வாளர்கள் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கை தவறி அழித்த பைலை எந்த ரெய்டும் திருப்பித் தராது. தனியாக ஒரு நகல், பாலம் தாண்டி ஈரோட்டில் மச்சான் வீட்டில் இருக்கட்டும். அவர் வாடகை கேட்க மாட்டார். பள்ளிபாளையம் சிக்கன்தான் கேட்பார்.