முகம் மட்டும் இலவசம்

டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் குறும்படம் எடுக்கும் தமிழர்களுக்குப் பணப் பஞ்சம் கிடையாது. கேமராவுக்கு வாடகை உண்டு. ட்ரோன் உண்டு. பூஜைக்கு வந்தவர்களுக்கு மட்டன் பிரியாணி உண்டு. டீசர் வெளியீட்டுக்கு ஹால் உண்டு. நடிகரின் சம்பளத்தைக் கேட்டால்தான் கலைச்சேவை பற்றிச் சொற்பொழிவு தொடங்கும். "பட்ஜெட் டைட் சார். பேர் போடுறோம். நாலு பேருக்குத் தெரிவீங்க."

இதைச் சொல்பவர் பகலில் மென்பொருள் எழுதுகிறார். ஒரு மாதம் சும்மா எழுதிக் கொடுங்கள், உங்கள் பெயரையும் போடுகிறோம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அன்று மாலையே வக்கீல் பேசுவார்.

யூனியன் நடிகர் என்றால் கோடிகள் கேட்பார் என்று ஒரு புரளி. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 3,00,000 டாலருக்குள் எடுக்கும் படங்களுக்கென்றே குறைந்த கூலியில் தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போடாதவர் படத்தில் சங்க உறுப்பினர் நடிக்கக் கூடாது. போட்டால் ஆறு மணி நேரத்துக்குள் சோறு போட வேண்டும். கூடுதல் நேரத்துக்குக் காசு தர வேண்டும். கணக்கு எழுத வேண்டும். பேனா அங்கேதான் நின்றுவிடுகிறது.

நடிகர் கூலியில் கை வைப்பது இந்த ஊருக்குப் பழகிய வித்தைதான். 1973 கோடையில், இங்கே குவிக் ஹில் சாலையில் இருந்த ஒரு பழைய வீட்டில் டோபி ஹூப்பர் 'தி டெக்சாஸ் செயின் சா மாசகர்' என்ற திகில் படத்தை எடுத்தார். பெயர் தெரியாத நடிகர்கள். கொளுத்தும் வெயில். வாரத்துக்கு ஏழு நாள் வேலை. சாப்பாட்டு மேசைக் காட்சி ஒரு பகலையும் ஒரு இரவையும் தாண்டி ஓடியது. மேசைமேல் இருந்த இறைச்சி அழுகி நாறியது. போலி ரத்தம் வர மறுத்தது. நாயகி மரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறினார்கள். அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூல். லாபத்தில் பங்கு என்று சொல்லியிருந்தார்கள். ரம்பம் பிடித்த கொலைகாரனாக நடித்த குன்னர் ஹான்சனுக்கு வந்த முதல் பங்கு 47 டாலர் 7 சென்ட்!

அந்த வீட்டை 1998-ல் பெயர்த்தெடுத்து, அதே மாநிலத்தின் கிங்ஸ்லேண்டில் நட்டு, உணவகமாக்கிவிட்டார்கள். வீட்டுக்கு இன்றும் வருமானம் உண்டு.

2025-ல் டெக்சாஸ் சட்டமன்றம் திரைப்பட மானியத்தை வாரி இறைத்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 30 கோடி டாலர், 2035 வரை. எல்லாம் வரிப்பணம். மாநிலத்தைக் கேவலமாகக் காட்டும் படத்துக்கு மானியத்தை மறுக்கவும் விதி உண்டு. டெக்சாஸுக்கு ரோஷம் அதிகம்; ஆனால் அது திரையில் தெரிவதைப் பற்றி மட்டும்.

நம் தயாரிப்பாளருக்கும் நாக்கில் நீர் ஊறுகிறது. விதிகளை இறக்கி வைத்துப் படிக்கிறார். மாநிலத்துக்குள் செய்த செலவில்தான் ஒரு பங்கு திரும்பி வருமாம். உள்ளூர் நடிகர்களுக்குக் கொடுத்த சம்பளத்தையும் செலவில் காட்டலாமாம்.

காட்டலாம். கொடுத்திருந்தால்.