கண்ணுக்குத் தெரியாத தென்னமரம்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. வண்டி நல்லாத்தான் இருக்குது. கறுப்பு நெறம், செவப்புக் கோடு, சத்தம் வேற. நீ இட்டாரியில திரும்பறப்பவே கட்டுத்தறியில எருமை எந்திரிச்சு நின்னுக்குது. நான் உக்காந்தேதான் இருக்கேன். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் மரியாதை வரலை.

பொள்ளாச்சி ரோட்டுல 80-க்குக் கொறஞ்சு நீ போறதே இல்லையாம், உங்கொப்பன் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கறான். அவன் கெடக்கறான். நான் திட்டவே மாட்டேன். வயசுப் பையன், இஞ்சினியரிங் படிக்கறவன், ஒசரத்துக்குப் போகணும்னு ஆசைப்படத்தான் செய்வே. எனக்கு ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணு. தோப்புல வடக்கு மூலையில ஒரு நெட்டை நிக்குது பாரு, 80 அடிக்குக் கொறையாது. காய் போடறவரு ஊருக்குப் போயிட்டாரு. நீ ஏறி ரெண்டு எளநி வெட்டிப் போட்டுட்டு எறங்கீரு.

ஏஞ்சாமி, மூஞ்சி இப்படிப் போகுது? தெனமும் காலேசுக்குப் போறப்ப ஒருக்கா, வர்றப்ப ஒருக்கா அந்த ஒசரத்துல உக்காந்துட்டுத்தானே போறே?

புரியலையா? உன்ற பாடந்தான். ஒரு பொருள் ஒசரத்துல இருந்தா அதுக்கு நிலை ஆற்றல்: நிறை, புவியீர்ப்பு, ஒசரம், மூணையும் பெருக்கினா வர்றது. அதே பொருள் ஓடிட்டிருந்தா இயக்க ஆற்றல்: நிறையில பாதியை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கறது. மேல இருந்து விழுந்தா மொதல்ல சொன்னது கரைஞ்சு ரெண்டாவதா மாறிக்கிட்டே வரும். காத்தை விட்டுட்டுப் பாத்தா, அங்க கொறஞ்சது அத்தனையும் இங்க ஏறியிருக்கும், ஒரு பைசா சேதாரமில்லாம. நீ இதைப் பரிச்சையில எழுதி மார்க்கு வாங்கிட்டே, அதோட மறந்துட்டே. நான் பரிச்சை எழுதலை, அதனால எனக்கு ஞாபகம் இருக்குது.

போனை எடு, போட்டுப் பாரு. மணிக்கு 80 கிலோமீட்டர்னா நொடிக்கு 22 மீட்டர் சொச்சம். அதை வர்க்கம் பண்ணி, 19.6-ஆல வகு. 25 மீட்டர் வருதா? அடிக் கணக்குல 83. அந்த நெட்டை மரத்து உச்சியில இருந்து கையை விட்டா, தரையைத் தொடறப்போ என்ன வேகமோ அந்த வேகத்துலதான் நீ பாட்டுக் கேட்டுட்டுப் போயிட்டிருக்கே. ஏறுனது தெரியலை, அதான் எறங்கற நெனப்பும் வரலை. கீழ பாத்தா தரை தெரிஞ்சு வயிறு கலங்கற வசதி மரத்துல இருக்குது. ரோட்டுல அது கெடையாது.

உன்ற கூட்டாளி ஒருத்தன் பைபாஸ்ல 130 தொட்டேன்னு சொல்லிட்டுத் திரியறானாமே? அவங்கிட்டச் சொல்லு, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதோட உச்சியில போயி நின்னுட்டு வந்திருக்கான்னு. கோயிலுக்குப் போன புண்ணியம் மட்டும் வராது.

நீ ஒல்லி, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்காத்தா நெனச்சுக்கறா. நிறை ரெண்டு பக்கமும் இருக்கறதால அடிபட்டுப் போகுது கண்ணு. பஞ்சத்துல அடிபட்டவனுக்கும் பந்தியில மொத ஆளா உக்கார்றவனுக்கும் 80-ல போனா ஒரே ஒசரந்தான்.

இன்னொரு வேடிக்கை இருக்குது. 40-ல போறவன் எத்தனை அடி மரத்துல இருக்கான், சொல்லு பாக்கலாம். 80-க்கு 83, அப்ப 40-க்கு 41-ன்னு வாய்க்கு வந்திருக்கும். 21 அடிகூட இல்லை. வேகம் பாதியானா ஒசரம் காலாப் போயிருது. வர்க்கம்னு சும்மாவா போட்டு வெச்சிருக்காங்க? இதுக்காக வெள்ளைக்காரங்க ஒரு தலைமுறைக்கு மேல ஓரியாட்டம் போட்டிருக்காங்க. நூலகத்துல மின்விசிறிக்கு அடியில உக்காந்து படிச்சேன். அங்க வேற எவனும் வர்றதில்லை, காத்து முழுசா எனக்குத்தான்.

ஓடற பொருளோட வலுவை அளக்க நிறையை வேகத்தால ஒருக்காப் பெருக்கினாப் போதும்னு டெக்கார்ட்டோட ஆளுங்க சொல்லிட்டிருந்தாங்க. இல்லைப்பா, வேகத்தை ரெண்டு தடவ பெருக்கணும்னு 1686-ல லைப்னிட்ஸ் கெளம்பினாரு. காகிதத்துலயே சண்டை. அப்புறம் ஹாலந்துல லைடன் ஊர்ல கிராவெசாண்டேன்னு ஒரு வாத்தியாரு, 1720-கள்ல, சண்டையில சேராம களிமண்ணைப் பெசஞ்சாரு. பித்தளை உருண்டைகளை வேற வேற ஒசரத்துல இருந்து அதுல போட்டுப் பள்ளத்தைப் பாத்தாரு. வேகம் ரெண்டு மடங்கானா பள்ளம் நாலு மடங்கு. வேகம் மூணு மடங்கானா ஒம்பது மடங்கு. இத்தனைக்கும் அவரு அதுவரைக்கும் எதிர்க்கட்சி. களிமண்ணைப் பாத்ததும் கட்சி மாறிட்டாரு. நம்மூர்ல கட்சி மாறறதுக்குச் சொல்ற காரணத்தையெல்லாம் கேட்டவனுக்கு இது எத்தனை பெரிய விசயம்னு தெரியும். எமிலி டு ஷாட்லேன்னு பிரான்சு நாட்டுல ஒரு அம்மா, நியூட்டன் புஸ்தகத்தை பிரெஞ்சுக்குக் கொண்டாந்த கெட்டிக்காரி, 1740-ல ஒரு புஸ்தகம் போட்டு இந்த வர்க்கக் கணக்கு பக்கமே நின்னாங்க. சூத்திரத்துல இருக்கற அந்த அரையை கோரியோலி 1829-ல சேத்து வெச்சாரு.

ஹாலந்துல களிமண்ணு. இங்க நீ. அத்தனைதான் வித்தியாசம்.

சரி, ஏறியாச்சு. எறங்கோணுமில்ல? இப்ப ஒரு சங்கதி சொன்னா நீ நம்பமாட்டே. உன்னையும் வண்டியையும் சேத்து 200 கிலோன்னு வெச்சுக்க. அதை அந்த 83 அடிக்குத் தூக்கறதுக்கு வேண்டிய ஆற்றல் எத்தனை தெரியுமா? உங்காத்தா உனக்குக் காப்பியில போடற ஒரு கரண்டி சக்கரையில இருக்கறதைவிடக் கம்மி. ஒரு யூனிட் கரண்ட்டை வெச்சு உங்க ரெண்டு பேத்தையும் எழுவது தடவைக்கு மேல ஏத்தலாம். இந்தச் சுண்டைக்காய்க்கா அப்பாரு இத்தனை பேசறாருன்னுதானே பாக்கறே?

சக்கரை ஒடம்புல கரையறதுக்கு நேரம் எடுத்துக்குது. அந்த நேரத்தைத்தான் ரோடு தராது. 83 அடி ஒசரத்தை எத்தனை அடி தூரத்துல செலவு பண்றேங்கறதுலதான் சூட்சுமம். காஞ்ச தார் ரோடு, நல்ல டயரு, பிரேக்கு சரியாப் புடிக்குதுன்னா கிட்டத்தட்ட 120 அடியில நிப்பே. அதுக்கு முன்னாடி, ஆடு குறுக்க வருதுன்னு உன்ற புத்திக்கு எட்டி, வெரல் பிரேக்குக்குப் போறதுக்கு ஒரு நொடின்னு வெச்சாலே 73 அடி ஓடிப்போயிருக்கும். ஆக 190 அடி. மழை தூறி ரோடு வழுக்கினா 120-ங்கறது 200-ஐத் தொட்டுரும். 40-ல போனா மொத்தமே 70 அடியில சோலி முடிஞ்சிரும், அதுல பாதிக்கு மேல நீ முழிச்சுட்டு இருந்த தூரம். ஆட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது சாவகாசமா நின்னு உன்னைப் பாக்கும்.

இத்தனை தூரம் எனக்கு வேண்டாம், நான் புளியமரத்துலயே நிறுத்திக்கறேன்னு சொல்றவங்களும் உண்டு. அப்ப வண்டி நசுங்கற நசுக்கல், ஒரு அடின்னு தாராளமாவே வெச்சுக்குவோம். 83 அடியைக் கொண்டுபோயி ஒரு அடியில செலவு பண்ணினா, உன்ற எடையைப் போல 83 மடங்கு உம்மேல உக்காரும். நீ 60 கிலோ. பெருக்கினா 5 டன். நம்ம டிராக்டரு, டிப்பரு, அதுல ஏத்தற தொழு உரம் எல்லாத்தையும் சேத்து நெஞ்சு மேல வெச்ச கணக்கு. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும், அது ஒரு சவுரியம். தலைக்கவசத்துக்குள்ள இருக்கற அந்த வெள்ளைத் தெர்மோகோல் வேற என்ன பண்ணுதுன்னு நெனச்சே? நசுங்கிக் குடுக்குது, அவ்வளவுதான். தலை நிக்கறதுக்கு ரெண்டு வெரக்கடை தூரம் கூட வாங்கித் தருது. நீ அதை டேங்கு மேல மாட்டிட்டுப் போறே. டேங்கு மண்டை ரொம்ப பத்திரமா இருக்குது.

இப்ப வால்பாறைக்கு வருவோம். போன மாசம் கூட்டாளிகளோட போயிட்டு, எறங்கறப்போ இஞ்சினை நிறுத்திட்டு நியூட்ரல்லயே ஆழியாறு வந்துட்டோம், பெட்ரோல் மிச்சம்னு பெருமை அடிச்சுக்கிட்டியே, அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்லை. மிச்சம் புடிக்கற புத்தி நம்ம வம்சத்துல உனக்குத்தான் வந்திருக்குது.

வால்பாறை 3,500 அடி ஒசரம். ஆழியாறு அடிவாரம் ஆயிரத்துச் சொச்சம். நடுவுல 40 கொண்டை ஊசி வளைவு. வித்தியாசம் 2,500 அடின்னு தோராயமாப் போட்டுக்க. ரெண்டு பேரும் வண்டியுமாச் சேத்து 250 கிலோ. காத்தும் இல்லை, உராய்வும் இல்லை, பிரேக்கும் இல்லைன்னா அடிவாரத்துல உன்ற வேகம் மணிக்கு 440 கிலோமீட்டர். நீ அந்த வேகத்துல வரலை, 30-லயும் 40-லயும்தான் வந்தே. அப்ப மீதி எங்க போச்சு? ஆவியாப் போகாது, காணாமயும் போகாது. காத்து கொஞ்சம் வாங்கிக்கிச்சு, டயரு கொஞ்சம். இஞ்சின் வாங்கவேண்டிய பங்கை நீ தரமாட்டேன்னு நிறுத்திட்டே. ஆக பாக்கி அத்தனையும் பிரேக்குத் தலையில. அந்த மொத்தத்தையும் சூடாக்கிப் பாத்தா ஆறு லிட்டர் பச்சைத் தண்ணி கொதிக்கும். உள்ளங்கை அகலம் இருக்கற பிரேக்குக் கட்டை மேல நீ வெந்நிப் பானை ஏத்திட்டு வந்திருக்கே. அடிவாரத்துல எறங்கி ஏதோ தீயுற வாசம் வருதுன்னு சொன்னியாமே, அது நாட்டுக்கோழி வறுவல் இல்லை.

பஸ்காரரைப் பாரு. 12 டன் வண்டியை எறக்கறாரு. அது 280 லிட்டர் தண்ணி கொதிக்கற சூடு. ஏறறப்போ எந்தக் கியரோ எறங்கறப்பவும் அதே கியருன்னு போட்டு உறும விட்டுக்கிட்டே வருவாரு. அந்த உறுமலை நீ கிண்டல் பண்ணுவே. இஞ்சின் இழுத்துப் புடிச்சுச் சூட்டைத் தான் வாங்கிக்கற சத்தம் அது. பிரேக்கை அவரு வளைவுக்கு மட்டும் வெச்சிருக்காரு.

எறக்கத்தை எப்படிக் காசாக்கறதுன்னு பாக்கணும்னா, நீ வந்த அதே மலையில காடம்பாறை இருக்குது. மலையைக் கொடைஞ்சு உள்ள மிசினை வெச்சிருக்காங்க, நாலு மிசினு, ஒவ்வொண்ணும் 100 மெகாவாட்டு. 1987-ல ஓட ஆரம்பிச்சது. மேல காடம்பாறை அணை, கீழ மேல் ஆழியாறு அணை. கரண்டுக்கு கிராக்கி இருக்கற நேரத்துல மேல இருந்து தண்ணியை விட்டுக் கரண்டு எடுப்பாங்க. கரண்டு எச்சா இருக்கற நேரத்துல அதே தண்ணியை அதே மிசினாலயே மறுபடி மேல ஏத்திருவாங்க. இப்படிப்பட்ட நெலையங்கள்ல பொதுவா நாலு யூனிட் போட்டு ஏத்தினா மூணு யூனிட்டுத்தான் திரும்பும். கேணத்தனமான யாவாரமாத் தெரியுதில்ல? வேண்டாத நேரத்துக் கரண்டைக் குடுத்து வேணுங்கற நேரத்துக் கரண்டை வாங்கறாங்க. நட்டத்துலதான் லாபம். நீ 2,500 அடியைக் குடுத்து என்ன வாங்குனே? தேஞ்ச பிரேக்கு.

எங்க காலத்துல கவலை எறைக்கறவனுக்கே இது தெரிஞ்சிருந்தது. எருது ரெண்டும் சரிவுல எறங்கும், கெணத்துல இருந்து பறி மேல ஏறும். எருதோட எடை பத்தாதுன்னு ஓட்டறவனும் வடத்து மேல ஏறி உக்காந்துக்குவான், தன்ற எடையும் சேந்து தண்ணியைத் தூக்கட்டும்னு. அப்புறம் எருது பின்னால நடந்தே சரிவு ஏறோணும், வாங்குனதை அங்க திருப்பிக் குடுக்கோணும். நூறு லிட்டர் பறி, அம்பதடிக் கெணறுன்னா, ஒரு யூனிட் கரண்டு பண்ற வேலைக்கு 240 தடவைக்கு மேல எறங்கி ஏறோணும். இன்னிக்கு ஓசிக் கரண்டுல மோட்டரைப் போட்டுவிட்டுட்டு வாய்க்கா ஒடைஞ்சு ரோட்டுல தண்ணி போறதைக்கூடப் பாக்காம திண்ணையில உக்காந்து பேசிட்டிருக்கேன், அது வேற கதை.

அந்தப் பெட்ரோலுக்கு வருவோம். உன்ற வண்டி 2020-க்கு அப்புறம் வந்தது, பி.எஸ்.-6. கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைப் பீச்சற ஊசி, அதுக்கொரு கம்ப்யூட்டரு. கியர்ல போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டு எறங்குனா, சக்கரமே இஞ்சினைச் சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். பெட்ரோலை அதுவே அடைச்சுரும். சொட்டுக்கூட போகாது. இஞ்சினை ஓடவிட்டு நியூட்ரல்ல உருட்டுனாத்தான், அணைஞ்சு போகாம இருக்கறதுக்குக் குடிச்சுக்கிட்டே இருக்கும். நிறுத்திட்டு உருட்டுனாலும் சொட்டு இல்லை, கியர்ல எறங்குனாலும் சொட்டு இல்லை. ஆக, நீ மிச்சம் புடிச்சது சைபரு.

அந்த மிச்சக் காசுல எனக்கு வெத்தலை பாக்கு வாங்கித் தர்றேன்னு வாய் வார்த்தை குடுத்தியே, அதை எந்தக் கணக்குல இருந்து எடுப்பேன்னுதான் காத்தாலருந்து ரோசனை பண்ணிட்டிருக்கேன்.