மேய்த்தால் குற்றம், சுட்டால் விருந்தாளி

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவை விற்கும் வழவழப்பான காகிதங்களில் ஒரு பொய் தவறாமல் அச்சாகிறது: மனிதக் காலடி படாத பூமியாம். அங்கே பட்ட காலடிகளை அழித்தவர்கள் யார் என்பதை மட்டும் அந்தக் காகிதம் சொல்லாது. 1951இல் வெள்ளைக்கார அரசு பூங்கா என்று கோடு கிழித்தபோது அந்தப் புல்வெளியில் மாசாய் பழங்குடியினர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 1958இல் அவர்களின் பெரியவர்கள் சிலரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கி, மறு வருடமே அத்தனை பேரையும் பக்கத்து ங்கோரோங்கோரோ மேட்டுநிலத்துக்கு ஓட்டினார்கள். மிருகமா மனிதரா என்று ஒரு நாள் வந்தால் மனிதர் பக்கமே நிற்போம் என்று ஆளுநர் வாக்குக் கொடுத்தார். சாம்ராஜ்யம் செத்தது; வாக்கு அதோடு உடன்கட்டை ஏறியது.

மாசாய்களை ஓட்டிய அந்த வருடமே பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக் என்ற ஜெர்மானியரின் 'செரெங்கெட்டி சாகக் கூடாது' படம் வெளிவந்து, பிறகு ஆஸ்கர் விருதும் வாங்கியது. பூங்காவுக்குள் மனிதரே வசிக்கக் கூடாது, உள்ளூர்க்காரர் உட்பட, என்பது அவர் கொள்கை. மனிதர் ஃபிராங்ஃபர்ட் மிருகக்காட்சிச் சாலையின் இயக்குநர். மிருகங்களைக் கம்பிக்குள் வைத்துப் பழகியவர், மனிதர்களைக் கம்பிக்கு வெளியே வைக்கச் சொன்னதில் ஒரு தொழில் ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், காட்டு மிருகத்தின் இறைச்சியைத் தின்பது மாசாய்க்கு மரபுப்படி இழிவு. மாடு இருப்பவன் மானை எதற்குக் கொல்வான்? சிங்கத்தை ஈட்டியால் குத்தி வீரம் நிரூபிக்கும் வழக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் மட்டுமே ஐந்நூறுக்கும் மேற்பட்ட மிருகங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அருங்காட்சியகத்துக்குப் போனதால் அது அறிவியலாயிற்று. ஈட்டி காட்டுமிராண்டித்தனம், துப்பாக்கி ஆராய்ச்சி! இன்றும் சஃபாரிக்காரர்கள் வேண்டுதல் போலத் தேடி அலையும் சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐவர் பட்டியல், நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை எவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல்தான்.

துப்பாக்கிக்கு மரியாதை குறைந்துவிட்டதாக யாரும் வருந்த வேண்டாம். செரெங்கெட்டியை ஒட்டிய லோலியொண்டோவில் வேட்டையாடும் உரிமை 1992இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அரச குடும்பத்தார் வருவார்கள், சுடுவார்கள், போவார்கள். புல்வெளிக்கு அதனால் ஒரு கேடும் இல்லையாம். கேடெல்லாம் மாசாயின் பசுமாட்டால்தான்! ஆகவே 2009இல் மாசாய் குடியிருப்புகள் எரிந்தன. 2017இல் மறுபடி எரிந்தன. 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட ஆயுதப் படையே வந்தது. ஒரு காவலர் இறந்தார். குண்டுக் காயங்களோடு மாசாய்கள் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். கோட்டுக்குள் நுழைந்த மாடுகளைப் பிடித்து ஏலம் விட்டார்கள். மாடு திருடினால் ஜெயில். அரசாங்கம் ஓட்டிப்போனால் இயற்கைப் பாதுகாப்பு.

ங்கோரோங்கோரோவில் இவ்வளவு முரட்டுத்தனம் கிடையாது. அங்கே நடப்பது 'விருப்ப இடமாற்றம்'. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி ம்சொமெராவில் வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், விரும்பியவர் போகலாம். விருப்பம் தானாக வராவிட்டால் வரவழைக்க வழி இருக்கிறது. எண்டுலேன் மருத்துவமனையின் சேவைகளைக் குறைத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கான பணத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். பிரசவ வலியில் துடிப்பவளுக்கு ஊர் மாறும் விருப்பம் எப்படிப் பொங்கி வரும் பாருங்கள்.

இத்தனை பேரை விரட்டி யாருக்காக இடம் ஒழித்தார்கள்? வாருங்கள் பெருமக்களே, உங்களுக்காகத்தான். எல்லைக்கு அந்தப்பக்கம், கென்யாவின் மாசாய் மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணமே 200 டாலர். முழங்கை நீள லென்ஸோடு நைரோபியில் இறங்கும் நம்மூர்க் கனவான்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அங்கே விதி; ஆறாவது வண்டிக்காரர் கொடுத்த பணத்துக்கு விதி தெரியாது. 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றிச் சொல்கிறது: வண்டிக் கூட்டம் குறைந்த இடத்தில் ஒரு தாய் ஈற்றுக்குச் சராசரியாக இரண்டு குட்டிகளுக்கு மேல் ஆளாக்கிவிடுகிறாள், கூட்டம் மொய்க்கும் இடத்தில் சராசரி 0.2. குட்டியைக் கொல்லத் தோட்டா தேவையில்லை, ரசிகர்கள் போதும். 2025 ஜூலையில் செரெங்கெட்டியில் மாரா ஆற்றைக் கடக்க வந்த வில்டபீஸ்ட் மந்தையின் வழியிலேயே சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் குவிந்து நின்றதை உலகமே காணொளியில் பார்த்தது. அந்த இடத்தில் ஒரு மாசாய் சிறுவன் நாலு ஆட்டோடு நின்றிருந்தால் வனக்காவலர் எவ்வளவு வேகமாக வந்திருப்பார்!

மாசாய்களை முழுக்க ஒழித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. சிவப்புப் போர்வையோடு அவர்கள் விடுதி வாசலில் நிற்கலாம். ராத்திரி விருந்தினரைக் கூடாரத்திலிருந்து சாப்பாட்டு மேசைவரை பத்திரமாகக் கூட்டிப்போகலாம். கேட்டால் குதித்துக் காட்டலாம். மாடு மட்டும் கூட வரக் கூடாது.

2024 ஆகஸ்டில் அரசாணை ஒன்று ங்கோரோங்கோரோவின் கிராமங்களையே பதிவேட்டிலிருந்து நீக்கியது. இனி அங்கே ஊரும் இல்லை, அங்கிருந்தபடி ஓட்டுப்போடும் உரிமையும் இல்லை என்றானது. ஆயிரக்கணக்கான மாசாய்கள் சாலையில் இறங்கிச் சஃபாரி ஜீப்புகளை மறித்தார்கள். அருஷா உயர் நீதிமன்றம் ஆணையை நிறுத்தி வைத்த பிறகுதான் அரசு இறங்கி வந்தது. விமானத்தில் பறந்து யானைகளை எண்ணும் அரசாங்கம் அது. கண்ணெதிரே சாலையில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் அதற்கு எண்ண வரவில்லை.