லயமா, ஹட்டனா?

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு ஹட்டன் டவுனில் குடியேறலாமா?

பதில்: லயன் காம்பராவுக்கு வாடகை இல்லை, உறுதிப்பத்திரமும் இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்கும்வரைதான் கூரை சொந்தம்போல. ஒழுகல் மட்டும் நிரந்தரம். ஹட்டனிலோ கொழும்பு–பதுளை ரயில் நிற்கும். வங்கி, டியூசன், ஆஸ்பத்திரி எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஆனால் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயைத் தொட்டது; டவுன் வாடகை அதற்காகக் காத்திருக்கவில்லை. முற்பணம் வேறு. தோட்டத்திலேயே தனிவீட்டுக்குக் காணி தரும் திட்டமும் உண்டு. அந்தத் திட்டத்தின் பட்டியலில் பெயர் உள்ள குடும்பம் அவசரப்படத் தேவையில்லை. கொழும்பிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் பிள்ளை இருந்தால் டவுன் சரிவரும். ஆனால் மரக்கறிப் பாத்தியும் மாட்டுப்பட்டியும் டவுனுக்குக் கூடவே வராது. அந்த வருமானத்தையும் கழித்தே கணக்குப் போட வேண்டும்.